பனியிலும் காகிதத்திலும் பிழைத்த குதிரைவீரர்கள்

பன்னிரண்டு நிமிடங்கள் மட்டுமே ஓடும் படம் அது. கொள்ளைக் கூட்டமொன்று தந்தி நிலையத்துக்குள் புகுந்து ஊழியரைக் கட்டிப்போடுகிறது. ரயிலை மறித்துப் பயணிகளின் உடைமைகளைப் பறிக்கிறது. துரத்திவந்தவர்களிடம் காட்டுக்குள் சிக்கி மடிகிறது. கதை முடிந்தது என்று நாம் எண்ணும் வேளையில், மீசை வைத்த கொள்ளையன் ஒருவன் திரை நிறையத் தோன்றி, பார்வையாளரை நோக்கியே துப்பாக்கியால் சுடுகிறான். எடிசன் நிறுவனத்துக்காக எட்வின் எஸ். போர்ட்டர் இயக்கி, 1903 டிசம்பரில் வெளியான ‘தி கிரேட் ட்ரெயின் ராபரி’ இது. அந்தத் துப்பாக்கிக் காட்சியைப் படத்தின் தொடக்கத்திலும் சேர்க்கலாம், முடிவிலும் சேர்க்கலாம் என்று நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலே சொன்னது. சில பிரதிகளில் நடனமாடும் பெண்ணின் ஆடைக்கும் துப்பாக்கிப் புகைக்கும் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் ஒன்றுபோல் இருக்கவேண்டிய கட்டாயம் அன்று இல்லை.

கௌபாய் படங்கள் என்று நாம் அழைக்கும் வகையின் மௌனக் காலம் அங்கிருந்து வேகம் பிடித்து 1920களின் இறுதிவரை நீண்டது. அக்காலப் படங்களைப் பல ஆண்டுகளாகத் தேடிப் பார்த்துவருபவன் நான். கதை எளிது, ஒலி இல்லை, பல படங்கள் முழுமையாகக்கூட இல்லை. இவற்றைப் பணமும் காலமும் செலவிட்டுச் சேகரிக்கிறவர்களை எது ஈர்க்கிறது என்ற கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். இளமை நினைவு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. இன்று அது பொருந்தாது. இப்படங்களைத் திரையரங்கில் பார்த்து வளர்ந்த தலைமுறை மறைந்துவிட்டது. ஆயினும் சேகரிப்பு நிற்கவில்லை.

உரிமையாளர்களே குப்பை என்று ஒதுக்கிய காலத்தில் இப்படச்சுருள்களைப் பொருளாக மதித்தவர்களுள் சேகரிப்பாளர்கள் முக்கியமானவர்கள். அவர்களின் ஆசையை விளங்கிக்கொள்வது, ஒரு கலையின் தொடக்க வரலாறு எப்படிப் பிழைத்தது என்பதை விளங்கிக்கொள்வதாகும். அந்த வரலாற்றில் இன்னும் எவ்வளவு மீட்கப்படும் என்பதும் அதே ஆசையைச் சார்ந்தே இருக்கிறது.

நிகழ்வுக்கு அருகே நின்ற கேமரா

அமெரிக்காவின் மேற்கில் குடியேற்ற எல்லை என்று இனி ஒன்றைக் குறிக்க இயலாது என 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவித்தது. அதற்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின், 1894இல், எடிசனின் சிறிய படப்பிடிப்புக் கூடத்தில் துப்பாக்கி வீராங்கனை ஆனி ஓக்லியும் பஃபலோ பில் குழுவைச் சேர்ந்த தொல்குடி நடனக் கலைஞர்களும் கேமராவின் முன் நின்றனர். வரலாறும் அதைப் பற்றிய புனைவும் இவ்வளவு நெருங்கி நின்ற தருணங்கள் திரைப்பட உலகில் குறைவு.

1908இல் ஓக்லஹோமாவில் எடுக்கப்பட்ட ‘தி பேங்க் ராபரி’ இதற்கு நல்ல சான்று. அதை இயக்கிய பில் டில்மன், கொள்ளையரைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த சட்டக் காவலர். அதில் நடித்த அல் ஜென்னிங்ஸ், ரயில் கொள்ளைக்காக உண்மையாகவே சிறை சென்று மீண்டவர். கொமாஞ்சி மக்களின் புகழ்பெற்ற தலைவர் குவானா பார்க்கரும் அதில் தோன்றுகிறார். காவலர், கொள்ளையர், தொல்குடித் தலைவர் என மூவருமே தாம் வாழ்ந்த வாழ்க்கையை நடித்துக் காட்டிய படம் அது. தொழில்நுட்ப அளவில் அது செம்மையற்றது. ஆனால், பிற்காலத்தின் எந்தப் பெருஞ்செலவுப் படமும் தரமுடியாத ஒன்று அதில் இருக்கிறது. அம்மனிதர்கள் குதிரையில் ஏறும் விதமும் தெருவைக் கடக்கும் நடையும் எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தந்தவை அல்ல.

‘தி கிரேட் ட்ரெயின் ராபரி’ எடுக்கப்பட்டது மேற்கில் அன்று. கிழக்குக் கடற்கரையின் நியூ ஜெர்சியில். அதில் சிறு வேடங்களில் நடித்த கில்பர்ட் ஆண்டர்சன் பின்னர் ‘பிராங்கோ பில்லி’ என்ற பெயரில் முதல் கௌபாய் நட்சத்திரமானார். 1907இல் ஜார்ஜ் ஸ்பூருடன் சேர்ந்து எஸ்ஸனே நிறுவனத்தைத் தொடங்கி, 1912 முதல் கலிஃபோர்னியாவின் நைல்ஸ் என்ற சிற்றூரில் படங்களை எடுத்துத் தள்ளினார். அவரை அடுத்து வந்த வில்லியம் எஸ். ஹார்ட், மேடை நாடகத்திலிருந்து வந்தவர். தூசி படிந்த உடை, வறண்ட தெரு, குற்ற உணர்வு கொண்ட நாயகன் என்று அவ்வகைக்கு ஒரு கடுமையைத் தந்தார். 1916இல் வந்த ‘ஹெல்ஸ் ஹிஞ்சஸ்’ படத்தின் இறுதியில் ஓர் ஊரே எரியும் காட்சி இன்றும் என்னை உலுக்குகிறது. டாம் மிக்ஸ் அதற்கு நேரெதிர்: பளபளக்கும் உடை, சாகசம், சிரிப்பு. புகழ்பெற்ற சட்டக் காவலர் வயட் எர்ப் 1929இல் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தபோது அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஹார்ட்டும் மிக்ஸும் இருந்தனர். புனைவு தன் மூலத்தையே தோளில் சுமந்து சென்ற நாள் அது.

தீயும் வெள்ளியும் அலட்சியமும்

இவ்வளவு படங்களும் எங்கே போயின? அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு, 1912 முதல் 1929 வரை அங்கு வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களைக் கணக்கிட்டது. அவற்றில் அசல் வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடு மட்டுமே. ஏறத்தாழ 70 விழுக்காடு முற்றாக அழிந்துவிட்டன. மீதமுள்ளவை குறைபட்ட சுருள்களாகவோ, சிறு அளவுப் பிரதிகளாகவோ, வெளிநாட்டுப் பதிப்புகளாகவோ கிடைக்கின்றன.

காரணங்களில் முதலாவது வேதியியல். அன்றைய படச்சுருள் நைட்ரேட் செல்லுலோஸால் ஆனது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீரில் அமிழ்த்தினாலும் அதன் தீ அணையாது. எரியாவிட்டாலும் காலப்போக்கில் பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். 1937 ஜூலையில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெரியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் சேமிப்புக் கிடங்கு எரிந்தபோது, அந்நிறுவனத்தின் பெரும்பாலான மௌனப் படங்கள் ஒரே இரவில் மறைந்தன. டாம் மிக்ஸ் தம் புகழின் உச்சத்தில் நடித்த படங்கள் ஃபாக்ஸ் தயாரித்தவையே. ஒரு காலத்தில் உலகமே அறிந்திருந்த நடிகரின் படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பவை சொற்பமாக இருப்பதற்கு இத்தீ பெருங்காரணம்.

இரண்டாவது காரணம் வணிகம். பேசும்படம் வந்தபின் மௌனப் படங்களுக்குச் சந்தை இல்லை. கிடங்கு வாடகையும் தீக் காப்பீடும் செலவாகவே தெரிந்தன. சுருளில் படிந்திருந்த வெள்ளிக்கு விலை இருந்தது, படத்துக்கு இல்லை. எனவே வெள்ளிக்காகப் பிரதிகள் கரைக்கப்பட்டன. யூனிவர்சல் நிறுவனம் 1948இல் தன்னிடம் எஞ்சியிருந்த மௌனப் பட நெகட்டிவ்களை அழித்தது. ஜான் ஃபோர்டு என்ற பேரியக்குநர் தொழில் கற்றுக்கொண்டது அந்நிறுவனத்தில்தான். ஹாரி கேரியை நாயகனாக்கி அவர் அங்கே எடுத்த கௌபாய் படங்களில் ஒருசில மட்டுமே மிஞ்சியுள்ளன. ஒரு பெருங்கவிஞரின் இளமைக்கால ஏடுகளைப் பதிப்பாளரே பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டதற்கு இது ஒப்பாகும்.

எதிர்பாராத இடங்கள்

பிழைத்தவை பிழைத்த கதைகள் வியப்பூட்டுபவை. 1912க்கு முன் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படம் என்ற வகையே இல்லை. எனவே நிறுவனங்கள் தம் படங்களை நீண்ட காகிதச் சுருள்களில் ஒளிப்படங்களாக அச்சிட்டு நாடாளுமன்ற நூலகத்தில் பதிவு செய்தன. நைட்ரேட் பிரதிகள் எரிந்தும் உதிர்ந்தும் போயின, காகிதம் நிலைத்தது. ஏறத்தாழ 3,000 காகிதப் படங்கள் அவ்வாறு கிடைத்தன. அவற்றை ஒவ்வொரு சட்டமாக மீண்டும் படச்சுருளுக்கு மாற்றும் முறையை உருவாக்கிய கெம்ப் நைவருக்கு 1955இல் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. திரைப்படத்தின் தொடக்கக் காலத்தை நாம் பார்க்கமுடிவதற்கு, சட்டத்தில் இருந்த ஓர் இடைவெளியே காரணம்.

கனடாவின் யூகான் பகுதியில் உள்ள டாசன் நகரம், படப் பிரதிகளின் பயணத்தில் கடைசி நிறுத்தம். அங்கே சென்ற பிரதியைத் திருப்பி அனுப்பும் செலவு அதன் மதிப்பை விஞ்சியது. ஆகவே அவை அங்கேயே குவிந்தன. 1929இல் பயன்படாத நீச்சல் குளமொன்றை நிரப்பும் மண்ணோடு மண்ணாகக் கொட்டப்பட்டன. 1978இல் புதிய கட்டடத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சுருள்கள் வெளிப்பட்டன. உறைபனி நிலம் அவற்றை அரை நூற்றாண்டு காத்திருந்தது.

வெளிநாடுகளின் பங்கும் பெரிது. ஜான் ஃபோர்டின் முதல் முழுநீளப் படமான ‘ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்’ (1917) அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1960களில் செக் நாட்டுக் காப்பகத்தில் கிடைத்தது. அதே ஆண்டின் ‘பக்கிங் பிராட்வே’ 2002 வாக்கில் பிரெஞ்சுக் காப்பகத்தில் அடையாளம் காணப்பட்டது. கலிஃபோர்னியாவில் எடுக்கப்பட்ட ‘சலோமி ஜேன்’ (1914) படத்தின் பிரதி 1996இல் ஆஸ்திரேலியாவில் கண்டெடுக்கப்பட்டது. இப்படி வெளிநாட்டில் கிடைக்கும் பிரதிகளில் உரையாடல் அட்டைகள் பெரும்பாலும் அந்நாட்டு மொழியில் இருக்கும். பாத்திரப் பெயர்கள்கூட மாறியிருக்கும். அவற்றை மீண்டும் ஆங்கிலத்தில் எழுதி இணைப்பதே தனித்த ஆய்வுப் பணி.

வீடுகளும் காப்பகங்களாயின. 1920களின் நடுப்பகுதியில் கோடாக் நிறுவனம் ‘கோடாஸ்கோப்’ என்ற பெயரில் எரியாத 16 மி.மீ. சுருளில், சுருக்கப்பட்ட படங்களை வீட்டுத் திரையிடலுக்கு வாடகைக்கு விட்டது. பெரிய பிரதிகள் அழிந்துபோன பல படங்கள் இச்சிறு பிரதிகளின் வழியாகவே நமக்குத் தெரிகின்றன. பின்னர் அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட் நகரிலிருந்து ‘பிளாக்ஹாக் பிலிம்ஸ்’ நிறுவனம் பழைய மௌனப் படங்களை 8 மி.மீ., 16 மி.மீ. பிரதிகளாக அஞ்சலில் விற்றது. அலுவலகப் பணியாளரும் பள்ளி ஆசிரியரும் படச் சேகரிப்பாளராக முடிந்தது அதன்பின்தான்.

சேகரிப்பாளரின் கண்

இப்பின்னணியில் பார்த்தால் சேகரிப்பாளரின் ஈர்ப்பு விளங்கும். புத்தகத்தின் முதல் பதிப்பைப்போல், ஒவ்வொரு பிரதிக்கும் தனி வரலாறு உண்டு. இரவுக் காட்சிக்கு நீலம், தீக்குச் சிவப்பு, விளக்கொளிக்கு மஞ்சள் என்று சுருளையே சாயத்தில் தோய்த்த காலம் அது. ஒரு பிரதியில் இருக்கும் சாயம் மற்றொன்றில் இராது. ஒரு நாட்டுத் தணிக்கை வெட்டிய காட்சி வேறொரு நாட்டில் பிழைத்திருக்கும். ஆகவே ‘இந்தப் படம் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது’ என்ற சொற்றொடருக்கு இங்கே பொருளில்லை.

அவர்களின் நுட்ப அறிவு வியக்கத்தக்கது. கேமராவைக் கையால் சுழற்றிய காலத்தில் நொடிக்கு இத்தனை சட்டம் என்ற நிலையான கணக்கு இல்லை. பதினாறு முதல் இருபது வரை என்பது பொதுவழக்கு. பேசும்படத்தின் 24 சட்ட வேகத்தில் அவற்றை ஓட்டியதால்தான் மௌனப் பட மாந்தர் துள்ளித் துள்ளி ஓடும் கேலிச்சித்திரங்களாயினர். சரியான வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் ஹார்ட்டின் முகத்தில் ஓர் எண்ணம் தோன்றி மறைவதைக் காணலாம். அந்த வேகத்தை விடாமல் வலியுறுத்தியவர்களில் சேகரிப்பாளர்கள் முன்னே நின்றனர்.

தலைப்பும் தொடக்கமும் இல்லாத சுருள் ஒன்று கிடைத்தால் அது எந்தப் படம் என்று எப்படி அறிவது? ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் சுருளின் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் எனச் சிறு குறிகளை இட்டது. அவற்றிலிருந்து சுருள் தயாரான ஆண்டை ஊகிக்கலாம். மலையின் வடிவம் படப்பிடிப்புத் தலத்தைச் சொல்லும். குதிரைகூடச் சான்று சொல்லும்: வெள்ளைத் திட்டுகள் கொண்ட குதிரை ஹார்ட்டின் ஃபிரிட்ஸ், டாம் மிக்ஸுக்கு டோனி. பெயர் தெரியாத படங்களை நிபுணர்களும் ஆர்வலர்களும் ஒன்றாக அமர்ந்து பார்த்து அடையாளம் காணும் பட்டறையை நாடாளுமன்ற நூலகமே 2012 முதல் வர்ஜீனியாவின் கல்பெப்பரில் நடத்தியது. பட்டம் பெற்ற அறிஞருக்குத் தெரியாத துணை நடிகரின் பெயர், நாற்பது ஆண்டுகளாக விளம்பர அட்டைகளைச் சேர்த்துவைத்தவருக்குத் தெரிந்திருக்கும்.

அச்சமும் அடைத்த கதவும்

ஆனால், இவ்வுறவு எப்போதும் இணக்கமாக இருந்ததில்லை. தொடக்க ஆண்டுகளில் படப் பிரதிகள் விற்கப்பட்டன. பின்னர் வாடகை முறை வந்தது. பிரதி நிறுவனத்தின் சொத்து, திரையிட்டபின் திரும்பவேண்டும். எனவே தனிமனிதர் வைத்திருக்கும் 35 மி.மீ. பிரதி திருட்டுப் பொருளோ என்ற ஐயம் எப்போதும் சூழ்ந்திருந்தது. 1974இல் நடிகர் ராடி மெக்டோவலின் வீட்டில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை சோதனையிட்டு அவருடைய சேகரிப்பைக் கைப்பற்றியது. அச்செய்தி பரவியபின் பலரும் தம்மிடம் உள்ளதை வெளியே சொல்ல அஞ்சினர்.

எதிர்த்திசையில் நின்றவர் வில்லியம் கே. எவர்சன். ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்த அவர், அவற்றை நியூயார்க்கில் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஓயாமல் திரையிட்டார். ஜார்ஜ் ஃபெனினுடன் சேர்ந்து அவர் 1962இல் எழுதிய கௌபாய் படங்களின் வரலாறு, அந்தத் திரையிடல் மேசையில் விளைந்த நூல். பூட்டிவைக்கும் செல்வமாகச் சேகரிப்பைக் கருதாத அவரையே இத்துறையின் முன்மாதிரியாகக் கொள்ளவேண்டும் என்பது என் கருத்து.

இன்று சட்ட நிலை மாறிவிட்டது. 1929இல் வெளியான படங்களின் அமெரிக்கப் பதிப்புரிமைக் காலமும் 2025 ஜனவரி 1 அன்று முடிவுற்றது. மௌனக் காலப் படங்கள் ஏறத்தாழ அனைத்தும் அங்கே இப்போது எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்து. பழைய அச்சத்துக்கான அடிப்படை பெருமளவு நீங்கிவிட்டது. மறைத்துவைக்கும் பழக்கம் மட்டும் நீங்கவில்லை. சேகரிப்பாளர் மறைந்தபின், தகரப் பெட்டிக்குள் இருப்பது என்னவென்று அறியாத வாரிசுகள் அதைக் குப்பையில் சேர்த்துவிடுவார்கள். நைட்ரேட் சுருளோ சட்டத்தின் மாற்றத்துக்காகக் காத்திருப்பதில்லை.

யாருடைய வரலாறு?

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களின் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. இப்படங்களில் பல, தொல்குடி மக்களைக் கொடியவர்களாகவோ அறியாதவர்களாகவோ சித்திரித்தன. வெள்ளை நடிகர்கள் முகத்தில் சாயம் பூசி அவர்களாக நடித்தனர். அவற்றை ஏன் காக்கவேண்டும்? இக்கேள்விக்கு மீட்கப்பட்ட படங்களே விடை தருகின்றன. ஜேம்ஸ் யங் டியர் போன்ற தொல்குடி வேர் கொண்ட இயக்குநர் 1910இலேயே ‘வைட் ஃபான்ஸ் டிவோஷன்’ படத்தை எடுத்தார். ஹோ-சங்க் மக்களில் பிறந்த லிலியன் செயிண்ட் சிர், ‘ரெட் விங்’ என்ற பெயரில் 1914இன் ‘தி ஸ்குவா மேன்’ படத்தில் முதன்மைப் பாத்திரம் ஏற்றார். படங்கள் அழிந்தால் இழிவோடு சேர்ந்து இவர்களின் உழைப்பும் அழியும்.

இதற்கு மறுக்கமுடியாத சான்று ‘தி டாட்டர் ஆஃப் டான்’. 1920இல் ஓக்லஹோமாவின் விச்சிட்டா மலைப்பகுதியில், முந்நூறுக்கும் மேற்பட்ட கயோவா, கொமாஞ்சி மக்களை மட்டுமே நடிக்கவைத்து எடுக்கப்பட்ட படம் அது. தம் வீட்டிலிருந்து கூடாரங்களையும் உடைகளையும் அவர்களே கொண்டுவந்தனர். குவானா பார்க்கரின் மகனும் மகளும் அதில் நடித்தனர். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது தொலைந்த படம். வட கரோலினாவைச் சேர்ந்த தனியார் துப்பறிவாளர் ஒருவருக்கு, அவர் செய்த வேலைக்கான கூலியாக ஐந்து நைட்ரேட் சுருள்கள் கிடைத்தன. ஓக்லஹோமா வரலாற்றுக் கழகம் அவற்றை 2007இல் விலைக்கு வாங்கி மீட்டெடுத்தது. 2013இல் அப்படம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இன்று கயோவா, கொமாஞ்சி குடும்பத்தினர் அதில் தம் பாட்டனார் பாட்டியாரின் முகங்களைத் தேடிப் பார்க்கிறார்கள். கூலிக்கு ஈடாக வந்த அந்தப் பெட்டியை ஒருவர் அன்று வேண்டாமென்று தள்ளியிருந்தால், அம்மக்கள் தம் முன்னோர் நடந்த நடையை ஒருபோதும் கண்டிருக்க மாட்டார்கள்.

எனவே செய்யவேண்டியவை தெளிவானவை. காப்பகங்கள் சேகரிப்பாளரைச் சந்தேகத்துக்குரியவராக நடத்துவதை விட்டு, பிரதியின் உரிமை அவரிடமே இருக்கும் என்ற உறுதியோடு அதைக் கடனாகப் பெற்று எண்ணிம வடிவில் பதியவேண்டும். ஆபத்தான நைட்ரேட் சுருளைப் பாதுகாப்பாக ஒப்படைக்க விரும்புபவருக்குப் பெயரும் நன்றியும் கிடைக்கவேண்டும். சேகரிப்பாளர்கள் தம்மிடம் உள்ளவற்றின் பட்டியலை எழுதி, தமக்குப் பின் அவை எங்கே செல்லவேண்டும் என்பதை உயிரோடு இருக்கும்போதே தீர்மானிக்கவேண்டும். எந்தப் பெட்டியில் ஃபோர்டின் தொலைந்த படம் இருக்கிறது, எந்தப் பெட்டியில் ஒரு குடும்பத்தின் மூதாதையர் இருக்கிறார்கள் என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.

சேர்ப்பதில் தொடங்கும் அன்பு, பகிர்வதில்தான் நிறைவு பெறும். தகரப் பெட்டிக்குள் இருக்கும் படம் வெறும் பொருள். திரையில் ஓடும்போதே அது வரலாறு.